காப்பி ஆறும் நேரத்துக்குள் ஒரு குரல் பதிவு

போன வாரம் எங்கள் தீவிலிருந்து பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் நின்றுகொண்டிருந்தேன். மழைச் சாரல் உள்ளே அடித்தது. கம்பியை ஒட்டி நின்ற ஒரு பெண்ணிடம், "நனையுறீங்க பாருங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன்.

சட்டென்று திரும்பினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க... இப்ப சொன்னீங்களே, அதைத் திரும்பச் சொல்லுங்க?"

"எதை? தள்ளி நில்லுங்கன்னா?"

அவ்வளவுதான். கையைத் தட்டிச் சிரித்தாள். "நெனைச்சேன்லா! நீங்கதானே எங்க பேக்டரி ஸ்பீக்கர்ல பேசுறவங்க!"

இந்தப் பத்தியின் உச்சியில் என் படம் வாராவாரம் வருகிறது. அதைப் பார்த்து ஒருவர்கூட என்னை அடையாளம் கண்டதில்லை. குரலை வைத்துக் கண்டுபிடித்தது இவள்தான் முதல்!

பெயர் கோமதி. பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. அந்தத் தொழிற்சாலைக்காக நான் தமிழில் பேசிக் கொடுத்த பாதுகாப்பு அறிவிப்புகள் இன்னும் அங்கே ஓடுகின்றன என்பதே அவள் சொல்லித்தான் தெரியும்.

"ஒரு நாளு நெசமாவே அலாரம் அடிச்சிருச்சுக்கா. ஸ்டோர் பக்கம் ஒரே புகை. பொண்ணுங்க எல்லாம் கத்துறாங்க. நானும் ஓடத்தான் பார்த்தேன். அப்ப ஸ்பீக்கர்ல நீங்க வந்தீங்க. 'வேலையை நிறுத்துங்கள். வரிசையாக நடந்து வாருங்கள்'னு. பக்கத்துல நின்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. கால் தானா நடக்க ஆரம்பிச்சிருச்சு. படியில யாரும் விழல. யாருக்கும் ஒன்னும் ஆகல."

நான் அவளைக் கம்பியிலிருந்து உள்ளே இழுத்து நிறுத்தினேன்.

"எப்படிக்கா அவ்ளோ நிதானமா பேசுனீங்க? எனக்கும் இந்த வேலை பிடிச்சிருக்கு. வீட்லயே செய்யலாம்னு சொல்றாங்களே... முதல்ல என்னா மெஷின் வாங்கணும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஃபெரி கரையில் இடித்தது. கூட்டம் நகர்ந்தது. "பஸ்ஸு போயிரும்க்கா!" என்று கத்திக்கொண்டே ஓடிவிட்டாள்.

கோமதி, இது உனக்கு. உன்னைப் போல கேட்டு எழுதுகிறவர்களுக்கும்தான். ஆனால் மெஷினில் ஆரம்பிக்க என்னால் முடியாது. என் தொண்டையில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது கெலுகோரில், அடுக்குமாடியின் நடு மாடி. என் கணவர் கணேசன் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். மகள் பவானி அப்போது தொடக்கப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். நான் கடை விளம்பரங்கள், கோயில் விழா அறிவிப்புகள், தொழிற்சாலை கேசட்டுகள் என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டூடியோ? அரிசி மூட்டையும் பழைய சூட்கேசும் கிடந்த ஸ்டோர் ரூம்தான். கணேசன் அதைக் காலி செய்து, சுவரெல்லாம் பழைய பஞ்சு மெத்தைகளை நிறுத்தி வைத்தார். கதவின் உள்பக்கம் கம்பளி. ஒரு மைக், ஒரு கேசட் ரிக்கார்டர், ஒரு ஹெட்போன். முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வராது என்று யாரோ சொன்னார்கள். ஒட்டினோம். சத்தம் வந்தது. கூடவே கரப்பான்பூச்சியும் வந்தது. பிய்த்துப் போட்டோம்.

அந்த அறைக்குள் என் வேலைமுறை என்ன தெரியுமா? முறை என்றே ஒன்று இல்லை!

வீடு தூங்கிய பிறகு உள்ளே போவேன். காற்றாடி போட்டால் மைக்கில் கேட்கும் என்று புழுக்கத்தில் உட்காருவேன். தாளைக் கையில் எடுத்த நிமிடமே ரிக்கார்டரை ஓட விடுவேன். பிடிக்காவிட்டால் மறுபடி. அதுவும் பிடிக்காவிட்டால் மறுபடி. ஒரே வாக்கியத்தைத் தொண்டை எரிய எரியச் சொல்வேன். எரிச்சலுக்கு மருந்தாக ஐஸ் தண்ணீர். வெளியே வரும்போது ஏதோ பெரிய தவம் செய்துவிட்ட திருப்தி...

எங்கள் மேல்வீட்டில் இருந்தவரை 'மாச்சிக்', அதாவது அத்தை, என்போம்; அவருக்குத் தமிழ் தெரியாது. மலாய்க்காரப் பெண்மணி. ஆனால் ஒரு நாள் படிக்கட்டில் என்னைப் பார்த்ததும் விறைப்பாக நின்று, "கவனியுங்கள்! கவனியுங்கள்!" என்றார். அத்தனை முறை அவர் காதில் விழுந்திருக்கிறது!

அந்த நேரத்தில்தான் பாயான் லெப்பாஸ் வேலை வந்தது. புதிதாக ஒரு கட்டடம் திறக்கப் போகிறார்கள். புதிய பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு மலாயில், ஆங்கிலத்தில், தமிழில் பாதுகாப்பு அறிவிப்புகள் வேண்டும். அங்கே ஊழியர்களைக் கவனிக்கும் பர்சனல் ஆபீசராக இருந்த மிஸ் ஊய் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். கையுறை, கண்ணாடி, ரசாயனம், மின்சாரம் என்று பல பகுதிகள். கடைசியில் தீ.

பாதி முடித்திருந்தேன். ஒரு காலை எழுந்து பவானியைக் கூப்பிட்டேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றேன்... சைக்கிள் டியூபில் காற்றுப் போகிற மாதிரி ஒரு ஓசை.

ஜலதோஷம் என்று நினைத்து இஞ்சி, மிளகு, தேன் எல்லாம் ஆயிற்று. குரல் வரவில்லை. ஜார்ஜ் டவுனில் ஒரு தொண்டை நிபுணரிடம் போனோம். டாக்டர் சிவநேசன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மென்மையான பேச்சு. நாக்கை இழுத்துப் பிடித்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"மண்வெட்டி பிடிச்சால் கையில காய்ப்பு வரும் அல்லோ? அது போல உங்கட குரல் நாண்ல ரெண்டு காய்ப்பு. கத்திக் கத்தி உரசினதால வந்தது. இனிக் கொஞ்ச நாளைக்கு நீங்கள் கதைக்கவே கூடாது."

என் சார்பில் கணேசன் கேட்டார். "மெல்லமா பேசலாமா டாக்டர்? குசுகுசுன்னு?"

"அது இன்னும் மோசம். ஒரு சொல்லும் வேண்டாம். கரையுதோ எண்டு பார்ப்பம். கரையாட்டி ஓப்பரேஷன்."

"ஆபரேஷன் பண்ணா குரல் பழையபடி வந்துரும்லா?"

டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "வரலாம். ஆனா அதே குரல்தான் வரும் எண்டு நான் வாக்குத் தர ஏலாது, அம்மா."

பஸ்ஸில் திரும்பும்போது கணேசன் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கல்யாணமான புதிதில்கூட அவர் பஸ்ஸில் அப்படிப் பிடித்ததில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மிஸ் ஊய்க்குச் சொல்ல வேண்டுமே? டெலிபோன் என்றாலே ஒதுங்கும் மனிதர் கணேசன். அவர்தான் பேசினார். போனை வைத்துவிட்டு வந்தார்.

"வேற ஆளைப் போட்டுக்கலாம்தான், ஆனா பாதி உன் குரல்லயும் மீதி இன்னொருத்தங்க குரல்லயும் இருந்தா நல்லா இருக்காதுன்னு சொல்றாங்க. மத்ததெல்லாம் லேட்டானா பரவால்லையாம். அந்தத் தீ பகுதி மட்டும் புதுப் பொண்ணுங்க வர்றதுக்கு முன்னாடி வேணுமாம்."

பவானியின் விளையாட்டு சிலேட்டை எடுத்து, 'செய்கிறேன் என்று சொல்லுங்கள்' என்று எழுதினேன்.

"நீ முதல்ல கொணமாகு" என்றார்.

'செய்கிறேன்' என்ற சொல்லை அடிக்கோடிட்டேன்.

இப்போது யோசித்தால் அது துணிச்சலா பிடிவாதமா என்று தெரியவில்லை. குரல் திரும்பாமலே போய்விடுமோ என்கிற பயத்தில், ஒரு வேலையாவது காத்திருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

மௌனமாக இருப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். பாசாரில் மீன்காரர் விலை சொல்வார், நான் தலையாட்டுவேன், அவர் அதையே சம்மதம் என்று வெட்ட ஆரம்பித்துவிடுவார்! வீட்டில் பவானி என்ன கேட்டாலும் சிலேட்டில் எழுத வேண்டும். அவளுக்கு அவ்வளவு வேகமாகப் படிக்க வராது. பாதியிலேயே விட்டுவிட்டு விளையாடப் போய்விடுவாள்.

சில வாரம் கழித்து டாக்டர் மறுபடி பார்த்தார். முகத்தில் ஒரு சின்ன நல்ல செய்தி. "குறைஞ்சிருக்கு. ஒரு நாளைக்குக் கொஞ்சம் கதைக்கலாம். கொஞ்சம் எண்டால்... ஒரு கோப்பை காப்பி ஆறுற நேரம். அவ்வளவுதான். கத்தக் கூடாது."

மறுநாள் காலை கணேசன் காப்பி போட்டு ஸ்டோர் ரூமில் வைத்தார். அந்த மாதம் அவருக்கு மதிய ஷிப்ட், அதனால் காலையில் வீட்டில் இருந்தார். ரிக்கார்டரை அவரே ஓட்டினார். நான் பழைய வழக்கப்படி தாளைப் பார்த்தேன், பேசினேன், பிடிக்கவில்லை, மறுபடி பேசினேன், பக்கத்தைத் திருப்பினேன், தாள் சரசரத்தது, மறுபடி...

காப்பி ஆறிவிட்டது. அரைப் பக்கம்கூடத் தேறவில்லை.

மதியம் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து பவானி ஓடி வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

"மா! இன்னைக்கு நீங்க பேசலாம்னு அப்பா சொன்னாங்களே! பேசுங்க!"

காலிக் கோப்பையைக் காட்டினேன். முடிந்துவிட்டது என்று கையை விரித்தேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஸ்டோர் ரூம் கதவைப் பார்த்தாள். "எல்லாத்தையும் அந்த ரூமுக்கே பேசிட்டீங்களா?" என்றாள்.

அழவில்லை, கோபிக்கவில்லை. சும்மா கேட்டாள். அப்படிக் கேட்டதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலை நான் மைக் பக்கம் போகவில்லை. கணேசனிடம் சிலேட்டை நீட்டினேன். 'எனக்கு ஒரு நாளைக்குக் கொஞ்சம் குரல்தான். அதில் பாதியை இவளுக்கு வைக்க வேண்டும். எப்படி?'

அவர் சிலேட்டை வாங்கிப் படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்காதே. எங்க பேக்டரி லைன்ல போர்டு ஓட ஆரம்பிச்ச பிறகு யாரும் ஸ்க்ரூ தேட மாட்டாங்க. தேடுறதெல்லாம் முன்னாடியே முடிஞ்சிரும். நீ லைனை ஓட விட்டுட்டுத் தேடுறே."

எழுதினேன்: 'கலை வேறு, தொழிற்சாலை வேறு.'

"சரிலா, கலைதான். கலைக்கும் தொண்டை ஒன்னுதானே இருக்கு?"

சிலேட்டைத் துடைத்துவிட்டுத் தாள் கட்டை எடுத்து வந்தேன். 

அன்றைக்கு உட்கார்ந்தோம். குரல் இல்லாமல் செய்யக்கூடிய வேலை எது, குரலோடு மட்டுமே செய்யக்கூடிய வேலை எது என்று பிரித்தோம். பிரித்துப் பார்த்தால்... கோமதி, கவனி... பேசுகிற வேலை ரொம்பக் கொஞ்சம். மீதி எல்லாமே வாயை மூடிக்கொண்டு செய்ய வேண்டியது!

தாள்களை நான் திரும்ப எழுதினேன். ஒவ்வொரு பக்கமும் ஒரு முற்றுப்புள்ளியில் முடிகிற மாதிரி. வாக்கியத்தின் நடுவில் பக்கம் திருப்ப வேண்டியதில்லை, சரசரப்பும் இல்லை. மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. நாக்கு இடறும் சொற்களை மாற்றினேன். 'தீயணைப்புக் கருவியினருகில்' என்று ஓரிடத்தில் இருந்தது. ஓடுகிற அவசரத்தில் யாருக்கு அது காதில் ஏறும்? 'தீயை அணைக்கும் சிலிண்டர் பக்கத்தில்' என்று ஆக்கினேன். கணேசன் போனில் ஆங்கிலத்தில் விளக்கி மிஸ் ஊய்யைக் கேட்ட பிறகுதான். பிறகு சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து முழுவதையும் சொல்லிப் பார்த்தேன். உதடு இடறுகிற இடத்தில்தான் குரலும் இடறும்.

எவ்வளவு நேரம் ஓடும் என்று அறிய யாராவது சத்தமாகப் படிக்க வேண்டுமே? கணேசன் படித்தார். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவர் தமிழைச் சத்தமாகப் படித்ததே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வியர்க்க வியர்க்கப் படித்தார். எங்கே அவர் தடுமாறினாரோ அங்கே நான் வாக்கியத்தை உடைத்தேன். அவருக்கே புரிந்தால் புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணுக்கும் புரியும்.

சத்தங்களுக்கும் நேரம் பார்த்தோம். தொழிற்சாலை பஸ்கள் போன பிறகு, ரொட்டிக்காரரின் ஹாரன் கடந்த பிறகு, மேல்வீட்டு மாச்சிக் சாம்பாலுக்கு மிளகாய் இடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால்... காலையில் ஒரு நல்ல இடைவெளி இருந்தது. அதுவரை அந்த நேரத்தில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்! ஐஸ்பெட்டி உறுமுகிறது என்று பதிவுக்கு முன் அணைப்போம். ஒரு தடவை திரும்பப் போட மறந்து, மீன் எல்லாம் நாறிப்போய்விட்டது. அதன்பிறகு கணேசன் தன் மோட்டார்சைக்கிள் சாவியை ஐஸ்பெட்டியின் சுவிட்சில் மாட்டிவைக்க ஆரம்பித்தார். ஐஸ்பெட்டி ஓடாமல் அவர் வேலைக்குப் போக முடியாது.

பதிவிலும் ஒரு மாற்றம். தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்கும் பழக்கத்தை விட்டேன். கணேசன் டேப்பை முந்தின வாக்கியத்தின் ஆரம்பத்துக்குத் திருப்பி ஓட்டுவார். ஹெட்போனில் என் குரலையே நான் கேட்பேன். அந்த வேகம் காதில் இருக்கும்போதே அவர் கை காட்டுவார். அடுத்த வாக்கியத்தை அதன் வாலைப் பிடித்த மாதிரி சொல்வேன். ஒட்டு எங்கே என்று எங்களுக்கே தெரியாது.

மெல்லப் பேச வேண்டிய பகுதிகள் முதலில். தொண்டைக்கு வேலை கொடுக்கும் பகுதிகள் கடைசியில். பக்க வரிசை எதற்கு? கேசட்டில் பிறகு வரிசைப்படுத்திக்கொள்ளலாமே.

இப்படிச் செய்த முதல் நாள் காப்பி பாதிச் சூட்டில் இருக்கும்போதே அன்றைய பகுதி முடிந்துவிட்டது. கணேசனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏதாவது விட்டுப்போயிற்றா? இல்லை.

அன்று மதியம் பவானி வந்தபோது, "சாப்பிட்டியாடா?" என்றேன்.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "உங்க குரலு வேற மாதிரி இருக்கு மா" என்றாள். பிறகு பக்கத்தில் வந்து என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "பரவால்ல. நல்லாத்தான் இருக்கு."

புதுப் பெண்கள் வர இன்னும் சில நாள்தான்; மிச்சம் இருந்தது தீ பகுதி.

மற்ற மொழிக் கேசட்டுகளை மிஸ் ஊய் மாதிரிக்குக் கொடுத்திருந்தார். இரண்டிலும் அந்த இடத்தில் உரத்த குரல், கட்டளை. நானும் பழைய ஆளாக இருந்திருந்தால் கத்தித்தான் இருப்பேன். தீ என்றால் கத்தாமல் எப்படி? ஆனால் கத்தினால் என் தொண்டை போய்விடும். கத்தாவிட்டால் வேலை போய்விடும் என்று பயந்தேன்.

கணேசனிடம் எழுதிக் கேட்டேன். 'உங்கள் தொழிற்சாலையில் நிஜமாக மெஷின் கெட்டுப்போய்ப் புகை வரும்போது யார் பேச்சை எல்லாரும் கேட்பார்கள்?'

யோசித்தார். "எங்க சூப்பர்வைசர் ஒருத்தர் கத்துவாரு. அவரு கத்துனா எல்லாருக்கும் கை நடுங்கும். இன்னொரு அண்ணே இருக்காரு, ரிட்டயர் ஆகப்போறாரு. அவரு சும்மா பக்கத்துல வந்து 'மெய்ன் சுவிட்ச் ஆப் பண்ணு தம்பி'ன்னு சொல்வாரு. அவர் சொன்னா வேலை நடக்கும்."

மைக்கை வாய்க்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டேன். பவானி ரோட்டைத் தாண்டப் போகும்போது அவள் தோளில் கை வைத்துச் சொல்வேனே, அந்தக் குரலில் சொன்னேன். தாழ்வாக. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு மூச்சு இடம் விட்டு. 'வேலையை நிறுத்துங்கள். மெஷினை அணையுங்கள். ஓட வேண்டாம். வரிசையாக நடந்து வாருங்கள்.'

முடித்ததும் கணேசன் ரிக்கார்டரை நிறுத்தவில்லை.  "என்ன?" என்று கையால் கேட்டேன். "ஒன்னுமில்ல... எந்திரிச்சு நடக்கணும் போல இருந்துச்சு" என்றார்.

கேசட்டை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். மிஸ் ஊய் கேட்டுவிட்டுப் போன் செய்தார். தமிழ் புரியாது அவருக்கு. என்ன சொல்வாரோ என்று பக்கத்தில் நின்றேன். கணேசன் "யெஸ், யெஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மலாயையும் இங்கிலீஷையும் இதே மாதிரி திரும்பப் பேச வெக்கப் போறாங்களாம்."

கோமதி, நீ கேட்டாயே, எப்படி அவ்வளவு நிதானம் என்று? வேறு வழி இருக்கவில்லை, அம்மா. அன்றைக்கு எனக்குத் தொண்டை நன்றாக இருந்திருந்தால் நானும் கத்தித் தொலைத்திருப்பேன். நீங்கள் எல்லாரும் படியில் எப்படி இறங்கியிருப்பீர்களோ! ஃபெரியில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து அந்த நினைப்புத்தான்.

மெஷினைப் பற்றிக் கேட்டாய். எதை வேண்டுமானாலும் வாங்கு. வாங்குவதற்கு முன்னால் ஒரு பக்கத்தைச் சத்தமில்லாமல் சொல்லிப் பழகு. பென்சில் ஒன்று கூர்மையாக வைத்துக்கொள். ஐஸ் தண்ணீரைத் தொடாதே. பதிவு முடிந்ததும் கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடு, இல்லாவிட்டால் வீட்டில் யாராவது அதன்மேல் பாட்டுப் பிடித்துவிடுவார்கள்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் டாக்டர் சிவநேசன் கடைசியாகக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். 

"இல்லை" என்றார்.

"என்னா இல்ல டாக்டர்?" கணேசன் பாதி எழுந்துவிட்டார்.

"காய்ப்பு இல்லை. ரெண்டும் கரைஞ்சிட்டுது. ஓப்பரேஷன் தேவையில்லை. இனி ஆசைக்குக் கதைக்கலாம், அம்மா. கத்த மட்டும் வேண்டாம்."

ஆசைக்குப் பேசலாம்! வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். "பேசேன்" என்றார் கணேசன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "பஸ் வருது" என்றேன். அதற்கே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் எனக்குக் கண்ணீரும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பவானியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இனிமே எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்டா."

"எவ்வளவு வேணும்னாலுமா?"

"ஆமா."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மீனுக்குத் தாகம் எடுக்குமா என்று கேட்டாள். வெயிலடிக்கும்போது மழைக்கு எங்கே வீடு என்று கேட்டாள். டாக்டருக்குத் தொண்டை வலித்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். அத்தனை வாரமும் உள்ளேயே சேர்த்து வைத்திருக்கிறாள்! நானும் சளைக்கவில்லை. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததையும் சொன்னேன். சோறு வடிக்கும்போதும் சொன்னேன், துணி மடிக்கும்போதும் சொன்னேன். விளக்கு வைக்கும் நேரம்வரை ஓயாமல் பேசினோம்.

என் தொழிலில் நான் கொடுத்த மிக நல்ல பதிவு அதுதான். மெஷின் மட்டும் ஓடவில்லை.